தளர்ந்த கீயும் நீளும் குழாயும்

பாண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட்டைப் பார்த்திருப்பீர்கள். இன்று பரவலாக வழங்கும் வகையில் 24 துளைகள் உண்டு. வலக்கைக் கட்டைவிரல் கருவியைத் தாங்குவதால், அவற்றை ஆள மிஞ்சுபவை ஒன்பது விரல்களே. அதற்காகவே ‘கீ’ என்னும் உலோக நெம்புகோல்கள் அமைந்துள்ளன. ஒரு முனையை விரல் அழுத்தினால், மறுமுனையிலுள்ள ‘பேட்’ என்னும் மெத்தை துளையை மூடும் அல்லது திறக்கும்.

கீ சுழல்வது கதவுக் கீலைப் போன்ற அமைப்பில்தான். இரு சிறு தூண்களுக்கிடையே ஓர் எஃகுத் தண்டு. அதைச் சுற்றிக் கீயோடு இணைந்த ஓர் உலோகக் குழாய். இக்குழாய் பெரும்பாலும் ஜெர்மன் சில்வரால் ஆனது. தாமிரம், துத்தநாகம், நிக்கல் சேர்ந்த இக்கலவையில் வெள்ளி கிடையாது! பல்லாண்டு உராய்வினால் குழாயின் முனைகள் தேய்கின்றன. தூணுக்கும் குழாய்க்கும் நடுவே இடைவெளி தோன்றுகிறது, கீ ஆடுகிறது.

இதனால் என்ன கெட்டுவிடும்? பேட்டின்மீது துளையின் விளிம்பு வட்டத் தடமாகப் பதிந்திருக்கும். கீ நகர்ந்தால் தடமும் விளிம்பும் பொருந்தா; காற்று கசியும். உள்ளே அதிரும் காற்றுத் தம்பம் குலைந்து, சுரம் பிசிறடிக்கும். கற்றுக்கொள்ளும் மாணவன் தன் மூச்சைக் குறை கூறிக்கொள்வான். குறையோ கீலில் இருக்கும். கெட்டியான எண்ணெய் இட்டால் ஆட்டத்தின் ஓசை அடங்கும், தேய்வு தீராது.

தேய்ந்த நீளத்தை மீட்க, உலோகத்தை ஒட்டவைக்கத் தேவையில்லை. களிமண் உருளையை நெருக்கினால் அது நீளுமல்லவா? அதே தத்துவந்தான். தண்டை உள்ளே வைத்தபடி, வட்டப் பள்ளமுள்ள வழவழப்பான குறட்டினால் குழாயைத் திருப்பித் திருப்பி அழுத்துவார்கள். மீட்சி எல்லையைத் தாண்டியதும் உலோகம் நிலையாக உருமாறுகிறது. அதன் பருமன் மாறாததால், நெருக்கப்பட்ட உலோகம் நீளவாட்டில் நகர்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். குழாயின் நீளம் 30 மி.மீ., வெளிவிட்டம் 4 மி.மீ., உள்விட்டம் 2 மி.மீ. என்க. இடைவெளி 0.2 மி.மீ. அதாவது, நீளம் 150-இல் ஒரு பங்கு கூட வேண்டும். ஆகவே குறுக்குப் பரப்பு ஏறத்தாழ அதே விகிதத்தில் குறைய வேண்டும். உள்விட்டம் மாறாதெனக் கொண்டால், வெளிவிட்டம் 0.01 மி.மீ. குறைந்தாலே போதும்! அதனால்தான் இவ்வேலைக்கு வலிமையைவிட நிதானம் தேவை. அளவு மீறினால் குழாய் தூண்களில் இறுகிக் கீ அசையாது நின்றுவிடும்.

குழாயின் நீளம் 60 மி.மீ. ஆனால், அதே இடைவெளியை அடைக்க வெளிவிட்டம் எவ்வளவு குறைய வேண்டும்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.