பதினேழில் உடைந்த விதி

இலஞ்சிக்குப் பக்கத்தில் உள்ளது வல்லம். சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் கவனிக்காமல் கடந்துபோகிற ஊர். எண் கோட்பாட்டில் உலகப் பெயர் பெற்ற எஸ். எஸ். பிள்ளை 1901இல் அங்கேதான் பிறந்தார். “இத்தனை முறை சரியாக வந்ததே, இன்னும் என்ன சந்தேகம்?” என்று கேட்பவர்களுக்கு அவருடைய கணக்கு ஒன்றைக் காட்டலாம்.

அடுத்தடுத்த ஐந்து எண்களை எடுங்கள்: 24, 25, 26, 27, 28. இவற்றில் 25க்கும் மற்ற நான்குக்கும் 1ஐத் தவிரப் பொதுக் காரணி கிடையாது. இப்படி எதோடும் ஒட்டாத ஓர் எண் எல்லா வரிசையிலும் இருக்குமா? 16 எண்கள் வரையிலான வரிசை என்றால் இருந்தே தீரும் என்று பிள்ளை நிறுவினார். பதினேழு எண்கள் என்றால்? 1இலிருந்து ஒவ்வொரு வரிசையாகச் சோதித்தால் 2,183 வரிசைகள் தேறிவிடும். அடுத்தது, 2184 முதல் 2200 வரை, தோற்கிறது. 2189 என்பது 11 × 199. ஆனால் 2200உம் 11ஆல் வகுபடும். 2197 என்பது 13 × 13 × 13. 2184உம் 13ஆல் வகுபடும். பதினேழில் ஒன்றுகூடத் தனித்து நிற்கவில்லை.

அந்த 2,183 தேர்ச்சிகளும் ஆதாரம், நிரூபணம் அல்ல. ஆதாரத்தை நான் மட்டம் தட்டவில்லை. மருத்துவமும் நீதிமன்றமும் அதை எடைபோட்டுத்தான் நடக்கின்றன. புதிய ஆதாரம் வந்தால் முடிவு மாறும், மாறவும் வேண்டும். ‘அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது’ என்று பற்பசை விளம்பரம் அடித்துச் சொல்லும்போதுதான் எரிச்சல் வருகிறது.

பிள்ளையின் இன்னொரு கணக்கிலும் இதே வேறுபாடு தெரியும். எந்த எண்ணையும் எத்தனை ஆறாம் படிகளின் கூட்டலாக எழுதலாம்? 703ஐப் பார்த்தாலே 73க்குக் குறையாது என்று தெரியும். 3இன் ஆறாம் படி 729, அது பெரிது. ஆகவே பத்து 64களும் அறுபத்துமூன்று 1களும் போட்டாக வேண்டும். ஆனால் 73 எல்லா எண்ணுக்கும் போதுமா? அதற்கு எடுத்துக்காட்டுகள் உதவாது. போதும் என்று 1940இல், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, பிள்ளை நிறுவினார். 1770இல் கணித அறிஞர் வேரிங் சொல்லிவிட்டுப்போன நான்காம் படிக் கணக்கான 19, ஆர். பாலசுப்பிரமணியனும் இரு பிரெஞ்சுக்காரர்களும் முடிக்கும்வரை, 1986 வரை காத்திருந்தது.

இதே கேள்விக்கு, பெரிய படிகளுக்குப் பிள்ளையும் அமெரிக்கரான டிக்சனும் தனித்தனியே கண்ட சூத்திரம் ஒரு நிபந்தனையை நம்பியிருக்கிறது. கணினிகள் 47 கோடியே 16 லட்சமாவது படி வரை அதைச் சோதித்தாயிற்று, ஒன்றிலும் பிசகவில்லை. விதிவிலக்கு இருந்தாலும் எண்ணி முடிக்கக்கூடிய அளவுதான் என்று 1957இல் கணித அறிஞர் மாலர் காட்டினார். ஒன்றுமே இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை.