சட்டையில் பலாப்பால் ஒட்டிவிட்டதா?



பலாப்பழம் அறுக்கும் முன் வீட்டில் பெரியவர்கள் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஏன், தண்ணீர் தடவினால் ஆகாதா? இதற்கு விடை தெரிந்தால், சட்டையில் பட்ட பிசின் கறையையும் போக்கிவிடலாம்.

வேலமரத்துப் பிசினைத் தண்ணீரில் ஊறப்போட்டால் கரைந்து பசையாகிவிடும். பலாப்பழத்தின் பாலோ, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. அதிலுள்ள பிசினும், ரப்பர் போன்ற பொருளும் தண்ணீரோடு சேராதவை, எண்ணெயோடு சேருபவை. 'இனம் இனத்தோடு சேரும்' என்பார்களே, அதுதான்! எண்ணெய் பட்டதும் பலாப்பால் இளகித் துணியை விட்டுவிடும்.

கறை பட்டால் என்ன செய்யலாம்?

1. உடனே தேய்க்காதீர்கள், பரவிவிடும். ஐஸ் கட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கறை மேல் வையுங்கள். பிசின் இறுகியதும் ஸ்பூன் விளிம்பால் மெதுவாகச் சுரண்டுங்கள்.

2. மீதிக் கறையில் தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய துணியால் ஒற்றித் துடையுங்கள்.

3. இப்போது எண்ணெய்க் கறை இருக்குமே! அதன் மேல் சோப்பைத் தேய்த்து, அப்புறம் தண்ணீர் விட்டு அலசுங்கள். சோப்புத் துகளின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும். மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே அது ஒரு தூதர்!

4. கறை முழுவதும் போகும்வரை இஸ்திரி போடக் கூடாது. சூட்டில் பிசின் உருகி, நூலுக்குள் இறங்கிவிடும்.

ஊட்டி, கொடைக்கானலில் பைன் மரத்தில் சாய்ந்து நின்று பிசின் ஒட்டினால், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றலாம். பைன் பிசின் அதில் கரையும். சாயம் போகிறதா என்று முதலில் துணியின் உள்மடிப்பில் சோதித்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பிடிக்கும். எனவே பெரியவர்கள்தான் இதைச் செய்ய வேண்டும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக் கூடாது.

பெட்ரோல், தின்னர் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள்! பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து போய், தள்ளி எரியும் அடுப்பிலும் பற்றிக்கொள்ளும். ஒரு சட்டைக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா?

செய்து பாருங்கள்: பழைய துணித் துண்டுகள் இரண்டில் பலாப்பாலைத் தொட்டு வையுங்கள். ஒன்றில் தண்ணீரும், மற்றொன்றில் தேங்காய் எண்ணெயும் விட்டுத் துடையுங்கள். எது வென்றது என்று அறிவியல் நோட்டில் எழுதி, ஆசிரியரிடம் காட்டுங்கள்.