சுதேச கீதங்கள் மீதான தடை

சுதேச கீதங்கள் மீதான தடை என்பது, சுப்பிரமணிய பாரதியாரின் தேசியப் பாடல்கள் அடங்கிய நூலைப் பிரித்தானிய இந்திய ஆட்சி 1928 ஆம் ஆண்டில் பறிமுதல் செய்ய ஆணையிட்ட நிகழ்வைக் குறிக்கும். பாரதியார் மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் இத்தடை விதிக்கப்பட்டது. ஒடுக்குமுறை ஆட்சியில் தடை செய்யப்பட்ட இலக்கியத்தைப் படிப்பதும் பாடுவதுமே எதிர்ப்பாக மாறியதற்குத் தமிழகத்தில் இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

முந்தைய தடைகள்

பாரதியார் ஆசிரியப் பொறுப்பு வகித்த இந்தியா வார இதழ் 1906 இல் சென்னையில் தொடங்கப்பட்டது. 1908 இல் அரசின் அடக்குமுறையைத் தொடர்ந்து அவர் புதுச்சேரிக்குச் சென்றார்; இதழும் அங்கிருந்து வெளிவந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாதலால் ஆங்கிலேயரால் அச்சகத்தை மூட இயலவில்லை. ஆகவே அவர்கள் இதழ் தம் எல்லைக்குள் வருவதைத் தடுத்தனர். வாசகர்களைச் சென்றடைய வழியின்றி 1910 இல் இதழ் நின்றது. 1911 இல் பாரதியாரின் கனவு என்னும் கவிதை நூலும் ஆறில் ஒரு பங்கு என்னும் கதையும் தடை செய்யப்பட்டன.

1928 ஆம் ஆண்டுத் தடை

முதலில் தடை விதித்தது பர்மா அரசாகும். அக்காலத்தில் பர்மா பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாக இருந்தது. அங்குத் தமிழர் பலர் வாழ்ந்தனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஏ பிரிவின்படி, ஒரு மாகாண அரசு ஒரு நூலைப் பறிமுதலுக்குரியதாக அறிவித்தால், பிரித்தானிய இந்தியாவின் எப்பகுதியிலும் காவல்துறையினர் அதன் படிகளைக் கைப்பற்றலாம். பர்மாவைத் தொடர்ந்து சென்னை மாகாண அரசும் ஆணை பிறப்பித்தது. பாரதி பிரசுராலயம் வெளியிட்ட நூலின் படிகள் சென்னையில் கைப்பற்றப்பட்டன.

சட்டமன்ற விவாதம்

1928 அக்டோபரில் சென்னைச் சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி இத்தடையைக் கண்டித்து ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். தீர்மானம் நிறைவேறியது. எனினும் அன்றைய இரட்டை ஆட்சி முறையில் சட்டம் ஒழுங்கு ஆளுநருக்கென ஒதுக்கப்பட்ட துறையாக இருந்தமையால், மன்றத்தின் முடிவு அரசைக் கட்டுப்படுத்தவில்லை.

தடையை மீறிய வாசிப்பு

அக்காலத் தமிழகத்தில் பெரும்பான்மையோர் எழுத்தறிவு பெறாதவர்கள். ஒருவர் படிக்கப் பலர் கேட்பதும், கேட்டதை மனப்பாடம் செய்து பாடுவதும் வழக்கமாக இருந்தன. பாரதியாரின் பாடல்கள் எளிய சொற்களாலும் மக்கள் அறிந்த மெட்டுகளாலும் அமைந்தவை. எனவே அச்சிட்ட படிகளைக் கைப்பற்றிய பின்னும் பாடல்கள் மக்கள் நாவில் நிலைத்தன. இதனால் அரசு பாடுவோரையும் தண்டிக்க முற்பட்டது. நாடக மேடையில் தேசியப் பாடல்களைப் பாடியமைக்காக நடிகர் விசுவநாததாஸ் பலமுறை சிறை சென்றார்.

பிற்காலத்தில் சோவியத் ஒன்றியத்தில் தடை செய்யப்பட்ட நூல்களை வாசகர்களே தட்டச்சு செய்து கைமாற்றினர். இது சமிஸ்தாத் எனப்பட்டது. அங்குத் தட்டச்சுப் பொறி செய்த பணியைத் தமிழகத்தில் நினைவாற்றலும் குரலும் செய்தன எனலாம்.

பின்னாளில்

விடுதலைக்குப் பின்னர், 1949 இல் சென்னை மாகாண அரசே பாரதியாரின் படைப்புகளுக்கான பதிப்புரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாக்கப்பட்டன. ஒரு காலத்தில் வைத்திருந்தாலே பறிமுதலுக்குரியதாக இருந்த பாடல்கள் இன்று பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற்றுள்ளன. ஆயினும் நூல்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரம் மறையவில்லை. அது 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 95 ஆம் பிரிவாகத் தொடர்ந்து, 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதாவிலும் உள்ளது. அரசின் ஆணையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தை நாடும் உரிமை அன்று போலவே இன்றும் உண்டு.

இவற்றையும் பார்க்கவும்

சுப்பிரமணிய பாரதி
இந்தியா (இதழ்)
சத்தியமூர்த்தி
சமிஸ்தாத்