மைனஸ் முப்பதும் சைபர் பாகையும்

தை மாதத்தில் ஊரில் இருந்து தொலைபேசி எடுக்கிற எவரும் முதலில் கேட்பது, "இப்ப அங்க எத்தனை மைனஸ்?" என்பதைத்தான். மைனஸ் 28 என்றோ 30 என்றோ சொன்னால், "ஐயோ, எப்பிடிப் பிள்ளை இருக்கிறியள்?" என்று மறுமுனையில் அங்கலாய்ப்பார்கள். மொன்றியலில் முப்பது வருடங்களுக்கு மேலாகக் குளிர்காலம் கழிக்கிறவள் நான். மைனஸ் 30இல் வேலைக்குப் போயிருக்கிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கிறோம், கலியாண வீட்டுக்குச் சேலை கட்டிக்கொண்டு போயிருக்கிறோம். நான் கண்டதில் மிகக் கொடிய குளிர்காலத்தில் வெப்பமானி சைபரைச் சுற்றித்தான் நின்றது. இதைச் சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

நம் உடம்பு ஓயாமல் சூட்டை உண்டாக்குகிறது. அந்தச் சூட்டில் தோலை ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய வெப்பக் காற்றுப் படலம் நிற்கும். காற்று வீசாத நாளில் அதுவே ஒரு கவசம். வீசினால் அந்தப் படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும்; உடம்பு திரும்பத் திரும்பப் புதுச் சூடு கொடுத்துக் களைத்துப்போகும். அதனால்தான் இங்கே வானொலியில் வெப்பநிலையைச் சொன்ன கையோடு, காற்றையும் சேர்த்த இன்னொரு எண்ணைச் சொல்வார்கள். மைனஸ் 20 பாகையில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், முகத்துக்கு அது மைனஸ் 33. இந்தக் கணக்கைத் தொடக்கி வைத்தவர்கள் போல் சைபிள், சார்ள்ஸ் பசெல் என்ற இரண்டு அமெரிக்கர்கள். அண்டார்டிக்காவில் ஒரு சிறு பிளாஸ்டிக் உருளையில் தண்ணீரை நிரப்பிக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார்கள். முடிவுகள் 1945இல் வெளிவந்தன. உருளை வேறு, மனித முகம் வேறு அல்லவா? ரொறொன்ரோவில் குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் தொண்டர்களை நடக்கவிட்டு, அவர்களின் முகத்தில் அளந்து, 2001இல் கனடாவும் அமெரிக்காவும் கணக்கைத் திருத்தின. அந்த எண் மைனஸ் 40ஐத் தொட்டால், மூடாத தோல் ஐந்து முதல் பத்து நிமிடத்துக்குள் உறைந்துவிடக்கூடும். பேருந்துக்குக் காத்து நிற்கிற நேரம்தான்.

இதையெல்லாம் எனக்குப் புத்தகம் படிப்பிக்கவில்லை. ஷபனெல் தெருவில் தையல் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து மெஷினில் இருந்த புங்குடுதீவு அக்காதான் படிப்பித்தார். முதல் நாள் என் காலைப் பார்த்தார். "ரெண்டு மேஸ் போட்டனீரே? சப்பாத்து இறுகினால் ரத்தம் ஓடாது, கால் இன்னும் விறைக்கும். ஒரு கம்பளி மேஸ் போடும், ஒரு அளவு பெரிய சப்பாத்து வாங்கும்" என்றார். ஊரில் இருந்து கொண்டு வந்த பருத்திச் சட்டையை உள்ளே போடக் கூடாது என்றதும் அவர்தான். மாடிப்படி ஏறினால் குளிரிலும் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் அந்த ஈரமே உடம்பைக் குளிர்விக்கும். உள்ளே ஈரம் பிடிக்காத துணி, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத ஜக்கற். ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையை விட, நாலு விரலும் ஒரே பைக்குள் கிடக்கும் கையுறை நல்லது. விரல்கள் ஒன்றின் சூட்டை ஒன்று வாங்கிக்கொள்ளும்.

தோல் உறைவதைப் பற்றி எங்கள் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளைக்காரரின் தோல் சிவந்து பிறகு வெளுக்கும் என்றுதான் இங்கே விளம்பரத் தாள்களில் போட்டிருப்பார்கள். எங்கள் தோலில் சிவப்புத் தெரியாது. சாம்பல் பூத்து, மெழுகு தடவினதுபோல் வரும். வலித்துக்கொண்டிருந்த இடம் சட்டென்று வலிக்காமல் விட்டால் நிம்மதி அடையக் கூடாது, அதுதான் அடையாளம். தேய்க்கவும் கூடாது. ஹீட்டரில் பிடித்தால் விறைத்த தோல் வெந்துபோவதுகூடத் தெரியாது. உடம்புச் சூட்டளவுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாராயம் குடித்தால் சூடு வரும் என்று நம்புகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாராயம் தோலுக்குக் கீழே உள்ள இரத்தக் குழாய்களை விரிக்கும். சூடு ஏறினது மாதிரி இருக்கும், உண்மையில் உள்ளே இருந்த சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும்.

வீட்டுக்குள் வந்துவிட்டால் குளிரை மறந்துவிடலாம். தேங்காய் எண்ணெய் போத்தலில் கட்டியாகக் கிடப்பதும், காற்று வறண்டு பிள்ளைகளுக்கு மூக்கால் இரத்தம் வருவதும், ஜன்னல் இடுக்குகளுக்குப் பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதும் பழகிப்போன காரியங்கள்.

எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் வயதான கியூபெக் அம்மா ஒருவர் இருந்தார். நான் அவரை மதாம் என்றுதான் கூப்பிடுவேன். எனக்குப் பிரெஞ்சு பழக்கியவர் அவர். எனக்கு முந்திய குளிர்காலங்களைச் சொல்லித் தந்தவரும் அவர். 1957 ஜனவரி 15 அன்று மொன்றியலில் மைனஸ் 37.8 பாகை பதிவானது. அதைப் பற்றி அவர் பெரிதாகச் சொன்னதில்லை. 1971 மார்ச் 4ஐப் பற்றிச் சொல்லும்போது மட்டும் எழுந்து நின்றுகொள்வார். அன்று 47 சென்ரிமீற்றர் பனி கொட்டியது. காற்று அதை அள்ளிக் குவித்ததில் சில தெருக்களில் இரண்டாம் மாடி ஜன்னல் வரை ஏறிவிட்டதாம். நோயாளிகளைப் பனியில் ஓடும் சிறு வண்டிகளில் ஏற்றிப் போனார்கள். கனேடியன்ஸ் அணியின் ஹொக்கி ஆட்டத்தையே தள்ளிவைத்தார்கள் என்பதை ஒவ்வொரு முறையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய செய்தி என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. "அதுக்குப் பிறகு பயப்பட ஒன்றும் இல்லை" என்பார் மதாம்.

1998 ஜனவரி 5, திங்கட்கிழமை. மழை பெய்தது. பனியல்ல, மழை. ஆகாயத்தில் ஒரு கிலோமீற்றர் உயரத்தில் தெற்கில் இருந்து வந்த சூடான காற்று. கீழே சென் லோறன்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கில் இருந்து ஊர்ந்து வந்த குளிர்காற்று. மேலே பனி உருகி மழையாகிறது. கீழே வரும்போது துளி சைபருக்குக் கீழே குளிர்ந்துவிடுகிறது, ஆனாலும் தண்ணீராகவே இருக்கிறது. கம்பியிலோ கிளையிலோ படியிலோ பட்ட அந்தக் கணமே பனிக்கட்டி. இதைத்தான் இங்கே வெர்க்லா என்பார்கள், நாங்கள் உறைமழை என்று எழுதுகிறோம். வருடாவருடம் வரும், சில மணித்தியாலம் பெய்து ஓயும். 1961இல் மொன்றியலைப் பெரிதாக உலுக்கிய உறைமழைகூட 30, 40 மில்லிமீற்றர் அளவுதான். இது விட்டு விட்டு வெள்ளிக்கிழமையையும் தாண்டிப் பெய்தது. நகருக்குத் தெற்கே சில இடங்களில் 100 மில்லிமீற்றர்.

அந்தப் பாரத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டரை சென்ரிமீற்றர் தடிப்பான மின்கம்பி ஒன்றைச் சுற்றி 3 சென்ரிமீற்றர் கனத்துக்குப் பனிக்கட்டி படிந்தால், ஒவ்வொரு மீற்றருக்கும் ஏறத்தாழ நாலே முக்கால் கிலோ கூடுகிறது. இரண்டு கோபுரங்களுக்கு இடையே 300 மீற்றர் என்றால், ஒரு கம்பியில் மட்டும் 1.4 தொன். ஒரு கோபுரம் சரிந்ததும் அதன் கம்பிகள் அடுத்த கோபுரத்தை இழுத்தன, அது அதற்கடுத்ததை. ஏறத்தாழ ஆயிரம் இரும்புக் கோபுரங்கள் வரிசை வரிசையாக மடங்கி விழுந்தன. 30,000க்கு மேற்பட்ட மரக் கம்பங்கள் முறிந்தன. கியூபெக்கில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருட்டுக்குள் போனார்கள்.

இருட்டு மட்டும் என்றால் மெழுகுதிரி போதும். கியூபெக்கில் ஆற்று நீரில் இருந்து எடுக்கும் மின்சாரம் மலிவு. அதனால் பெரும்பாலான வீடுகளில் ஹீட்டரும் மின்சாரம், அடுப்பும் மின்சாரம், சுடுதண்ணியும் மின்சாரம். கரண்ட் போன நிமிடத்தில் இருந்து வீடு ஆறத் தொடங்குகிறது. ஜனவரி 9, வெள்ளிக்கிழமை, நகரின் நடுப்பகுதியும் இருண்டது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களுக்கும் மின்சாரம் நின்றுவிட்டது. இன்னும் சில மணித்தியாலத்தில் நகரத்துக்கே குடிதண்ணீர் இல்லாமல் போயிருக்கும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம். மேலே இருந்து பனிக்கட்டி விழுந்ததால் பாலங்களை மூடினார்கள்.

பாலம் மூடுவதற்கு முதல் நாள் என் கணவருடைய அண்ணன் குடும்பம் ஆற்றுக்கு அக்கரையில் லொங்கேயில் இருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. வயதான மாமாவும் அவர்களோடு. வெள்ளிக்கிழமை எங்கள் கட்டடத்திலும் கரண்ட் போனது. பிள்ளைகளை எல்லாம் ஒரே அறையில் போட்டு, கதவிடுக்கில் துவாயை அடைத்து, இருந்த போர்வை எல்லாவற்றையும் போர்த்தினோம். பின்னேரம் மாமா பல்கனியில் கிடந்த கரி மூட்டையைக் கண்டார். கோடையில் இறைச்சி வாட்ட வாங்கியது. "பிள்ளை, ஒரு தாச்சியில கரியைப் போட்டு மூட்டினால் அறை சூடாயிடுமே" என்றார். பிழை ஒன்றும் இருப்பதாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர்க் குசினியில் விறகெரித்து வளர்ந்தவர்கள் நாங்கள். அங்கே கூரைக்கும் சுவருக்கும் நடுவில் கையளவு இடைவெளி இருக்கும், புகை தன்பாட்டில் போகும். இங்கே காற்றுப் புகாதபடி துவாய் வைத்து அடைத்த அறை.

நல்ல காலத்துக்கு, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க மதாம் இறங்கி வந்தார். பல்கனியில் நெருப்புப் பெட்டியோடு குனிந்து நிற்கிற மாமாவையும் பக்கத்தில் தாச்சியையும் கண்டதும் அவர் போட்ட சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். கரி எரியும்போது வரும் கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் ஏற வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடியோடு அது ஏறி உட்கார்ந்துவிடும். தலையிடிக்கும், நித்திரை வரும், எழும்பவே மாட்டீர்கள். அந்த உறைமழையில் கனடாவில் குறைந்தது 28 பேர் இறந்தார்கள். குளிரில் உறைந்தவர்களோடு, சூட்டுக்காக வீட்டுக்குள் எரித்ததால் நஞ்சேறி இறந்தவர்களும் அதில் அடக்கம். எங்கள் வீட்டில் அந்த இரவு ஆறு பிள்ளைகள் படுத்திருந்தார்கள். மதாம் படியிறங்கி வராமல் இருந்திருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன்.

மழை ஓய்ந்ததும் வெப்பநிலை சட்டென்று கீழே இறங்கியது. பள்ளிக்கூடங்கள் தங்குமிடங்களாகின. ஆயிரக்கணக்கான இராணுவத்தினர் கிளை வெட்டவும் கதவு தட்டி முதியவர்களைத் தேடவும் வந்தார்கள். எங்கள் நாட்டில் இருந்து வந்தவர்களுக்குச் சீருடையைக் கண்டால் வயிறு கலங்கும். அந்தச் சீருடை விறகு சுமந்து வந்ததைக் கண்டு எங்கள் மாமி அழுதுவிட்டா. ஒவ்வொரு நாளும் முதலமைச்சர் லூசியென் பூஷார்டும், கழுத்து மூடிய ஸ்வெற்றர் போட்ட, ஹைட்ரோ கியூபெக் மின்சார நிறுவனத்தின் தலைவர் அந்த்ரே கையேயும் வந்து நிலவரம் சொன்னார்கள். மின்கல வானொலியைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். பிரெஞ்சு தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சொல்வோம்.

புதன்கிழமை தைப்பொங்கல். அதற்குள் எங்களுக்குக் கரண்ட் வந்திருந்தது. இரண்டு குடும்பத்துக்கும் மதாமுக்குமாகப் பெரிய பானையில் பொங்கினேன். அண்ணன் வீட்டுக்கு வெளிச்சம் வர மாதக் கடைசியாகிவிட்டது. இன்னும் தெற்கே, சென் இயாசென்த், கிரான்பி, சென் ஜோன் ஊர்களுக்கு நடுவில், இருட்டு முக்கோணம் என்று பெயர் எடுத்த பகுதியில், ஒரு மாதம் வரை காத்திருந்தவர்கள் உண்டு.

பிறகு ஹைட்ரோ கியூபெக் சில கோபுரங்களுக்கு ஒன்றாக மிக உறுதியான கோபுரம் கட்டியது, ஒன்று விழுந்தால் சரிவு அங்கேயே நிற்பதற்கு. லேவி நகரில் கம்பிக்குள் மின்னோட்டத்தைக் கூட்டிப் பனிக்கட்டியை உருக்கும் நிலையமும் வந்தது. இவை நல்ல வேலைகள். ஆனால் தெருவோரக் கம்பிகளும் மரங்களும் பழையபடிதான். 2023 ஏப்ரல் 5 அன்று ஒரே நாள் உறைமழையில் கியூபெக்கில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. குளிர்காலம் முடிந்தது என்று சப்பாத்துகளைப் பெட்டியில் போட்டு வைத்த நேரம்.

அப்போது எங்கள் கட்டடத்தில் மதாம் இல்லை. அவர் இருந்த மேல்மாடி வீட்டில் தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்த மூன்று பையன்கள் இருந்தார்கள். கரண்ட் போனதும் நான் மேலே ஏறிப் போனேன். குசினி மேசையில் முகாமுக்குக் கொண்டுபோகும் சின்னக் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது; ஜன்னல் எல்லாம் பூட்டு.

"தம்பி, முதல்ல அதை நிப்பாட்டுங்கோ, ஜன்னலைத் திறவுங்கோ."

"டீ போடத்தான் ஆன்ட்டி. அப்படியே ரூமும் கொஞ்சம் சூடாகுமேன்னு விட்டோம்."

அவர்களை எங்கள் வீட்டு வரவேற்பறையில் படுக்க வைத்தேன். போத்தலில் இருந்த சுடுதண்ணியில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, கரி, காஸ் அடுப்பு, ஜெனரேற்றர் மூன்றும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ எரியக் கூடாது என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். அந்த முறையும் கராஜில் ஜெனரேற்றர் ஓட்டிய ஒருவர் இறந்துபோனார் என்று பிறகு செய்தியில் சொன்னார்கள். சனிக்கிழமை அவர்களைக் கடைக்குக் கூட்டிப் போய், மின்கலத்தில் இயங்கி நச்சு வாயுவுக்குக் கத்துகிற கருவி ஒன்றை வாங்கினோம். படுக்கையறை வாசலுக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டு, மூவரையும் ஒவ்வொருவராக அதன் சோதனைப் பொத்தானை அழுத்தவைத்துச் சத்தத்தைக் கேட்கச் செய்தேன்.