குண்டு விழுந்த இடம்வரை

எங்கள் ரிஷிவந்தியம் பக்கத்தில் ஒரு ஏக்கர் கொல்லை வாங்கினாலும் கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதாமல் விடமாட்டார்கள். கிழக்கே யார் நிலம், மேற்கே எந்த ஓடை, வடக்கே எந்தப் பாதை, தெற்கே எந்த வரப்பு என்று நான்கெல்லையும் கட்டிய பிறகுதான் பணம் கைமாறும். ஒரு சீமையையே விலைக்கு வாங்கினால் செக்குபந்தி எப்படி எழுதுவார்கள்? கள்ளக்குறிச்சிச் சீமையில் பிறந்து கிழக்கே ஓடும் கெடிலம் ஆறு கடலைச் சேரும் தேவனாம்பட்டினத்தில் 1690-ல் அப்படி ஒரு கிரயம் நடந்திருக்கிறது. அதில் கண்ட எல்லை: பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்.

விற்றவர்கள் மராட்டியர்கள். 1677-ல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தது முதல் இந்தக் கரை அவர்கள் கையில் இருந்தது. 1689-ல் சிவாஜியின் இளைய மகன் ராஜாராம் மொகலாயர்களுக்குத் தப்பிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மறு வருடமே அவுரங்கசீப்பின் படை பின்தொடர்ந்து வந்து கோட்டையை வளைத்துக்கொண்டது. முற்றுகைக்குள் இருக்கும் அரசருக்கு நெல்லும் வெடிமருந்தும் வாங்கப் பணம் வேண்டும். ஆங்கிலேயக் கம்பெனியிடம் பணம் இருந்தது. சென்னையில் அப்போது கவர்னர் எலிஹு யேல். பிற்பாடு இவர் கொடுத்த நன்கொடைக்காகத்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரைத் தாங்கியது. பேரம் முடிந்தது. கோட்டை, அதோடு கோட்டையைச் சுற்றிக் குண்டு எட்டும் தூரத்துக்குள் அடங்கும் ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. கோட்டைக்குப் புனித டேவிட் என்று பெயர் வைத்தார்கள்.

இந்த அளவுகோலின் சூட்சுமம் வட்டத்தின் கணக்கில் இருக்கிறது. குண்டு இரண்டு கிலோமீட்டர் போனால் சுற்றிலும் பன்னிரண்டரை சதுர கிலோமீட்டர். அதே குண்டு நான்கு கிலோமீட்டர் போனால் ஐம்பது. தூரம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். கூடக் கொஞ்சம் மருந்து கிட்டித்து, குழாயைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தால் பல கிராமங்கள் கூடவே வந்துவிடும். எல்லாம் பீரங்கிக்காரனின் கைத்திறமையில் இருக்கிறது என்பதைச் சென்னைக் கோட்டையில் இருந்தவர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். கடலூர் ஊரே அந்தச் சுற்றுக்குள் வந்தது. உள்ளே அகப்பட்டவற்றைக் குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடி என்ற ஊர் கடலூருக்குப் பக்கத்தில் இன்றும் இருக்கிறது.

குண்டு ஏன் அவ்வளவு தூரத்தோடு நின்றுவிடுகிறது? 1690-ல் இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் யாரிடமும் இல்லை. கலிலியோ காட்டிய பரவளையப் பாதையைப் பெரும்பாலோர் நம்பினார்கள். கனமான இரும்புக் குண்டைக் காற்று பெரிதாக என்ன செய்துவிடும் என்பதே பொது எண்ணம். அதை உடைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ், போரை ஏற்காத குவேக்கர் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலேயக் கணித மேதை. கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு அதன் பலகையைத் துப்பாக்கியால் சுட்டார். குண்டு பாய்ந்ததும் ஊசல் பின்னால் ஆடும். எவ்வளவு ஆடியது என்பதை அதில் கட்டிய நாடா காட்டும். இரண்டின் எடையும் தெரிந்தால் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஊசலைப் பக்கத்தில் வைத்து ஒரு முறை, தள்ளி வைத்து ஒரு முறை சுட்டுப் பார்த்தால் வழியில் காற்று பிடுங்கிக்கொண்ட வேகமும் தெரிந்துவிடும். கண்ணால் தொடர முடியாத ஒன்றை ஒரு கட்டையையும் நாடாவையும் கொண்டு பிடித்துவிட்டார்! 1742-ல் அவர் எழுதிய நூலை மூன்றே வருடத்தில் கணித மேதை ஆய்லர் ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கமும் எழுதினார்.

நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு, காற்றே இல்லாவிட்டால் 25 கிலோமீட்டர் போக வேண்டும். உண்மையில் ஐந்து கிலோமீட்டருக்குள் விழுந்துவிடும். மிச்சம் இருபதையும் தின்றுவிடுவது காற்று. காற்று மட்டும் தடுக்காமல் இருந்திருந்தால் மராட்டியர்கள் அன்று விற்றது இருபது மடங்குக்கும் மேலான நிலமாக இருந்திருக்கும்.

இதே ராபின்ஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் செப்பனிட 1750-ல் இந்தியா வந்தார். மறு வருடம் ஜூலையில் காய்ச்சல் கண்டு இறந்தார், நாற்பத்து நான்கு வயதில். இறந்த இடம் புனித டேவிட் கோட்டை. குண்டின் ஓட்டத்தை உலகத்துக்கு விளக்கியவர், குண்டால் எல்லை வகுத்த மண்ணில் உயிர் விட்டார் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் யாரும் படிப்பதில்லை. கடலூரில் அவருக்கு ஒரு கல்லாவது நட வேண்டும் என்பது என் ஆசை.

தேவனாம்பட்டினத்து அளவுகோல் போன்ற ஒன்று கடலிலும் இருந்தது. 1702-ல் டச்சுச் சட்ட அறிஞர் பைங்கர்ஷூக், ஒரு நாட்டின் அதிகாரம் கரையிலிருந்து ஆயுதம் எட்டும் தூரம்வரைதான் கடலில் செல்லும் என்று எழுதினார். 1793-ல் அமெரிக்க வெளியுறவு அமைச்சராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதை மூன்று கடல் மைல் என்று எண்ணில் வைத்தார். இன்று உலகம் பன்னிரண்டு கடல் மைலுக்கு வந்துவிட்டது.

அந்த ஜெஃபர்சன் ஜனாதிபதியான பிறகு நடந்ததுதான் உலகம் அறிந்த பெரிய கிரயம். 1803-ல், சுதந்திரம் அறிவித்து 27 வருடமே ஆன அமெரிக்கா, நெப்போலியனிடமிருந்து லூசியானாவை ஒன்றரைக் கோடி டாலருக்கு வாங்கியது. கேட்கப் போனது நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தையும் அதை ஒட்டிய நிலத்தையும்தான். ஹைட்டியில் அடிமைகள் எழுந்து பிரெஞ்சுப் படையை அழித்துக்கொண்டிருந்தார்கள், ஐரோப்பாவில் மறுபடி போர் மூளும் நிலை. முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றது பிரான்ஸ். பரப்பு 21 லட்சம் சதுர கிலோமீட்டர், பதினாறு தமிழ்நாடு. ஏக்கருக்கு மூன்று சென்டுதான். கையில் அவ்வளவு ரொக்கம் இல்லாததால் ஆறு சதவீத வட்டிக்குக் கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். லண்டனின் பேரிங், ஆம்ஸ்டர்டாமின் ஹோப் நிறுவனங்கள் அவற்றை வாங்கிக்கொண்டு பிரான்சுக்குப் பணம் தந்தன. இங்கிலாந்தை எதிர்த்துப் போர் தொடுக்கவிருந்தவருக்கு லண்டன் வங்கியிலிருந்தே பணம் போயிற்று.

அந்தப் பத்திரத்திலும் செக்குபந்தி சரியில்லை. எல்லை எது என்று கேட்டபோது பிரான்ஸ் தெளிவாகச் சொல்லவில்லை. ஸ்பெயினோடு எல்லையைப் பேசித் தீர்க்க 1819 ஆயிற்று. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஓசேஜ், சூ முதலிய பழங்குடிகள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தார்கள். பிரான்ஸ் விற்றபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. பிறகு ஒப்பந்தத்தாலும் துப்பாக்கியாலும் அதே நிலத்தை அவர்களிடமிருந்து மறுபடி பறிக்க வேண்டியிருந்தது. குண்டு கிராமத்து உழவர்களையும் 1690-ல் யாரும் கேட்கவில்லை. 1845-ல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்குக் கம்பெனியிடம் விற்றபோதும் அப்படித்தான். எங்கள் ஊருக்கும் அதே கதைதான்: 1801-ல் ஆற்காட்டு நவாபிடமிருந்து ரிஷிவந்தியம் உட்படத் தென்னாற்காடு முழுவதும் கம்பெனிக்குப் போனது. அதன் பின் ஜில்லாவின் தலைநகராக நீடித்த கடலூரிலிருந்தே, 1993 வரை, எங்கள் பக்கத்து நிலங்களுக்கும் நிர்வாகம் நடந்தது.

ஒரு புது நாடு அந்நியரிடமிருந்து மண்ணைப் பெற வேறு வழி உண்டு என்பதையும் இதே வட்டாரம் காட்டியிருக்கிறது. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பக்கத்துக் கீழூரில், பிரெஞ்சிந்தியாவின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170, எதிர்த்து 8. விலை எதுவும் பேசப்படவில்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு 1962-ல் நிறைவுற்றது. எல்லைக்கோட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். கடலூரிலிருந்து பாகூர்ப் பக்கம் போகிறவர், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக மாறி மாறி நுழைந்துகொண்டேதான் போக வேண்டும்.