லடாக் வரை பைக் ரைடா? வழி காட்ட செல்போன் போதுமா, தனி ஜி.பி.எஸ். வாங்கணுமா?

போன மே மாதம் பெங்களூருவிலிருந்து மேட்டூருக்கு பைக்கில் வந்துகொண்டிருந்தேன். தருமபுரி தாண்டியதும், ஹேண்டில்பாரில் மாட்டியிருந்த செல்போனின் திரை முதலில் மங்கியது. அப்புறம் சூடு அதிகம் என்று ஓர் எச்சரிக்கை. அப்புறம் ஒன்றுமே இல்லை, கறுப்பு. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே போனைத் தட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மேட்டூர் ரோடு பிரிகிற இடத்தைக் கோட்டைவிட்டு ஓமலூருக்கு வந்து சேர்ந்தேன். "தொப்பூர்லயே திரும்பிருக்கணும் தம்பி. பரவால்ல, இப்படியே மேச்சேரி வழியா போயிருங்க" என்றார் டீக்கடைக்காரர். நஷ்டம் அரை மணி நேரம்தான்.

இதே தவறு மணாலி - லே சாலையில் நடந்தால் கணக்கே வேற. அந்த வழியில் டாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்று எழுதிய பலகை பைக் ஓட்டுபவர்களிடையே ரொம்பப் பிரபலம். உங்கள் பைக்கில் 13 லிட்டர் டேங்க், லிட்டருக்கு 30 கி.மீ. மைலேஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். டேங்க் நிரம்பினால் 390 கி.மீ. போகலாம். கையிருப்பு வெறும் 25 கி.மீ. வழியில் தார்ச்சாவில் ஒரு சாலை ஷிங்குலா கணவாய் வழியாக சன்ஸ்கார் பக்கம் பிரிகிறது. அதில் 15 கி.மீ. தவறாகப் போய்த் திரும்பினாலே 30 கி.மீ. காலி. அதனால் கடையில் போய் 'எது பெஸ்ட் டிவைஸ்?' என்று கேட்பதைவிட, 'இது எங்கே, எப்போது கைவிடும்?' என்று கேட்பதுதான் சரி.

சிக்னல் இல்லாவிட்டால் மேப் வேலை செய்யுமா?

செய்யும். பலருக்கும் இருக்கும் முதல் குழப்பமே இதுதான். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் சிக்னலை உங்கள் போன் கேட்கிறது, அவ்வளவுதான். அதற்கு சிம் கார்டும் வேண்டாம், டவரும் வேண்டாம். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது போனுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்தப் புள்ளியை வைத்துக் காட்ட ஒரு மேப் வேண்டுமே, அது இன்டர்நெட் வழியாக வருகிறது. அதை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

கூகுள் மேப்ஸில் போகும் வழியைத் துண்டு துண்டாகத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கொள்ளலாம். ஆஃப்லைனில் டிராஃபிக் விவரமும் மாற்று வழியும் காட்டாது. கூடவே ஆர்கானிக் மேப்ஸ் அல்லது ஓஸ்ம்அண்ட் ஆப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இவை ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் தகவலில் இயங்குபவை, ஆஃப்லைனுக்கென்றே உருவானவை. இரண்டு மேப்பும் ஒரே வழியைச் சொன்னால் நிம்மதி. வேறு வேறு வழி சொன்னால் வண்டியை நிறுத்தி விசாரிக்க வேண்டிய இடம் அது.

இன்னொன்று. நம்ம ஊர் ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு வேண்டும். லே போய் இறங்கிய பிறகு இது தெரிந்து பிரயோஜனமில்லை.

போனுக்கு ஆகாதவை

வெயில் முதல் எதிரி. ஐபோனை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையுள்ள சூழலில் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள். நம்ம ஊர் மே மாதத்தில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். நேரடி வெயில், சார்ஜ் ஏறும் சூடு, முழு வெளிச்சத்தில் திரை என மூன்றும் சேர்ந்தால் போன் படுத்துவிடும். லடாக்கில் நேர்மாறு: குளிரில் பேட்டரி கடகடவென இறங்கும்.

அடுத்தது அதிர்வு. சக்திவாய்ந்த பைக் இன்ஜின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாகப் போய் ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-ல் ஆப்பிளே எச்சரித்தது. மழையும் சும்மா விடாது. திரையில் விழும் துளிகளை விரல் என்று நினைத்துக்கொண்டு மேப் தானாக எங்கோ நகரும். சார்ஜிங் துளையில் ஈரம் போனால் சார்ஜ் ஏறாது.

என் யோசனை, வீட்டு டிராயரில் தூங்கும் பழைய ஆண்ட்ராய்டு போனை இதற்கு ஒதுக்கிவிடுங்கள். சிம் இல்லாமல், ஆஃப்லைன் மேப்போடு, அதிர்வைத் தாங்கும் மவுன்ட்டில் அது ஹேண்டில்பாரில் இருக்கட்டும். முக்கியமான போன் ஜாக்கெட்டுக்குள் பத்திரமாக இருக்கட்டும். ஹெல்மெட் ப்ளூடூத் இருந்தால் வழியைக் காதில் கேட்டே ஓட்டலாம், திரையைப் பார்க்கும் வேலை பாதி குறையும். சட்டமும் இதையொட்டியே இருக்கிறது. 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டுமே பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத வகையில்.

தனி ஜி.பி.எஸ். யாருக்கு?

கார்மின் நிறுவனத்தின் ஜூமோ எக்ஸ்டி2 போன்றவை பைக்குக்கென்றே செய்யப்பட்டவை. 6 அங்குலத் திரை கொளுத்தும் வெயிலிலும் தெரியும், கிளவுஸ் போட்ட விரலுக்கும் கேட்கும், மழை ஒன்றும் செய்யாது. பைக் பேட்டரியிலேயே ஓடும். ஆனால் அமெரிக்காவில் அறிமுக விலையே சுமார் 600 டாலர். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதானால் இந்திய மேப் அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வருடத்துக்கு ஒரு லாங் ரைடு போகிறவருக்கு இது தேவையில்லை என்பேன். அந்தக் காசில் நல்ல ரைடிங் ஜாக்கெட்டும் பூட்ஸும் வாங்கலாம். மாதக்கணக்கில் ரோட்டிலேயே இருப்பவர், நாடு விட்டு நாடு போகிறவர் வாங்கினால் அதில் அர்த்தம் உண்டு.

ராயல் என்ஃபீல்டின் ட்ரிப்பர் போல பைக்கோடு வரும் திரைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அது திரை மட்டும்தான். வழி கண்டுபிடிக்கும் வேலையைச் செய்வது உங்கள் பாக்கெட்டில் இருக்கும் போன். போன் அணைந்தால் திரையிலும் வழி வராது.

வாங்கவே கூடாத ஒன்றும் இருக்கிறது. கார்மின் இன்ரீச் போன்ற, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகள். ஆபத்தில் உதவும் என்று வெளிநாட்டு வீடியோக்களில் புகழ்வார்கள். சாதாரண ஜி.பி.எஸ். சிக்னலைக் கேட்க மட்டும் செய்யும், இது செய்தியும் அனுப்பும். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இதை இந்தியாவில் வைத்திருப்பது சட்டவிரோதம். தெரியாமல் கொண்டுவந்த வெளிநாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள். எல்லைப் பகுதியான லடாக்கில் இதோடு சிக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எந்தக் கருவி வாங்கினாலும் அதில் இருக்கும் மேப் தவறலாம். கூடலூரில் 2024-ல் மேப்பை நம்பி வந்த கார் ஒன்று படிக்கட்டில் இறங்கிச் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் பரேலி அருகே பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். மேப் பார்த்து வந்ததாகவே அப்போதும் சொல்லப்பட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், மைசூர் பக்கமிருந்து ஊட்டிக்கு வருகிறீர்கள் என்றால் பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். எட்டரை மணிக்கு குண்டல்பேட்டையில் டீ குடிக்க உட்கார்ந்தால் ராத்திரி அங்கேதான்.

அதனால் ஒரு தாளில் பங்க், ஊர்ப் பெயர், கிலோமீட்டர் என மூன்றையும் எழுதி டேங்க் பேக்கின் கண்ணாடிக் கவருக்குள் செருகுங்கள். லடாக் கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய போனை ஃப்ளைட் மோடில் போட்டு, ஏலகிரிக்கு ஒருமுறை போய் வாருங்கள். எங்கே சார்ஜர் கழன்றது, எந்த வளைவில் திரை தெரியவில்லை, எந்தப் பிரிவில் குழம்பினீர்கள் என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும்.