வகுப்பு இணையதளமும் நன்னூலார் வகுத்த காற்கூறும்

காஞ்சி மாநகர் பண்டே கல்வியிற் சிறந்து விளங்கியது என்பதற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. கதம்பர் மரபின் முதல்வனாகிய மயூரசன்மன் தன் ஆசிரியருடன் காஞ்சிக்கு வந்து, ஆங்கிருந்த கடிகையிற் பயிலப் புகுந்தான் என்று கருநாடகத்துத் தாளகுண்டாக் கல்வெட்டுக் கூறுகின்றது. அக்காலத்துக் கற்போன் கல்வியைத் தேடி நெடுவழி நடந்தான். இக்காலத்துக் கல்வி கற்போனைத் தேடி இணையவழியே அவன் இல்லம் புகுகின்றது. அங்ஙனம் புகும் கல்வி முழுமையாகப் புகுகின்றதா, அன்றி ஒரு கூறே புகுகின்றதா என்பதே ஈண்டு நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருளாகும்.

இவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாக நன்னூலின் பொதுப்பாயிரத்தைக் கொள்வோம். ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறும் புலமை காற்பங்கே என்பது பவணந்தியார் கருத்து. உடன் கற்பாரொடு பழகிப் பயிலுதலால் மற்றொரு காற்பங்கும், தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பர் அவர். கற்பித்தலிற் பெரும்பங்கு மாணாக்கன் வாயிலேயே உள்ளது என்பது இதனாற் பெறப்படும். வகுப்பு இணையதளம் அமைப்பார் முதற்கண் உளங்கொள்ளத்தக்க உண்மை இதுவே.

கணிப்பொறிவழி வினாவும் விடையுமாகக் கற்பிக்கும் முயற்சி புதியதன்று. அமெரிக்க நாட்டு இல்லினாய்சுப் பல்கலைக்கழகத்திற் 'பிளேட்டோ' என்னும் அமைப்பு 1960ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. தமிழைப் பொறுத்தவரை, சென்னையில் 1999இல் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டை அடுத்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. மழலைக் கல்வி முதற் பட்டக் கல்வி வரை பாடங்களைப் படிமுறையாக வகுத்த அந்நிறுவனம் இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் என வழங்குகின்றது. தமிழாசிரியரைக் காணவியலாத அயல்நாட்டுத் தமிழ்ச் சிறார்க்கு அது செய்த தொண்டு பெரிது. 2019இற் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2020இற் பெருந்தொற்றாற் பள்ளிகள் அடைபட்டபோது அதன் பயன் பலர்க்கும் புலனாயிற்று. ஆயினும் ஒளிபரப்பு ஒருவழிப் பாதையே. கேட்போன் ஐயுற்றால் திரை மறுமொழி கூறாது. எனவே, எத்துணைச் சிறந்த பாடமாயினும் தனித்து நிற்குமாயின் அது நன்னூலார் கூறிய முதற் காற்பங்காகவே நின்றுவிடும்.

எஞ்சிய முக்காற் பங்கையும் சேர்ப்பதே வகுப்பு இணையதளத்தின் பணி. அதனை அமைத்தற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. 'மூடில்' என்னும் கட்டற்ற மென்பொருள் 2002ஆம் ஆண்டு முதல் வழங்கி வருகின்றது. அதனை எவரும் விலையின்றி எடுத்தாளலாம். பாடம், கருத்தாடல் மன்றம், ஒப்படைப்பு, வினாத்தொகுதி, சொற்களஞ்சியம் முதலிய உறுப்புகள் அதன்கண் அமைந்துள்ளன. ஒவ்வோர் உறுப்பையும் எப்பங்கிற்குப் பயன்படுத்துவது என்பதே ஆசிரியர் சிந்திக்கற்பாலது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். காஞ்சிபுரத்தில் ஆசிரியர் ஒருவர் குற்றியலுகரப் புணர்ச்சி கற்பிக்கின்றார் எனக் கொள்வோம். 'பட்டு' என்னும் வன்றொடர்க் குற்றியலுகரத்தின் முன் வல்லினம் மிக்குப் 'பட்டுச்சேலை' என வரும். இதனைக் கற்ற மாணாக்கர் சிலர் 'நெய்துக் கொடுத்தான்' என்றும் எழுதிவிடுவர். வினாத்தொகுதி இவ்விடையைத் 'தவறு' என்று மட்டும் காட்டி நிறுத்துமாயின் பயனில்லை. 'நெய்து' என்பதில் ஈற்றயலெழுத்து யாது, அஃது எவ்வினம் என்று அவனை மீள வினவுதல் வேண்டும். யகரம் இடையினம் ஆதலின் இஃது இடைத்தொடர்க் குற்றியலுகரம் என்று அவனே கண்டுகொண்டபின், அதன்முன் வல்லினம் மிகாமையைக் கூறின் அவ்விதி அவன் நெஞ்சை விட்டு நீங்காது. மாணாக்கர் எங்ஙனம் பிழைப்பர் என முன்னுணர்ந்து மறுமொழி எழுதி வைத்தலே வினாத்தொகுதி இயற்றுவாரின் மெய்யான உழைப்பாகும்.

உடன்பயில்வார் பங்கு கருத்தாடல் மன்றத்தால் நிரம்பும். வகுப்பில் எழுந்து வினவ நாணுவோன் எழுத்தில் வினவுவான். அதற்கு ஆசிரியர் உடனே விடை கூறாது, பிற மாணாக்கர் கூற இடந்தந்து, பின்னர்த் திருத்துதல் நன்று. ஆயினும், பல நாள் விடையின்றிக் கிடக்கும் வினா மாணாக்கனை மீண்டும் ஊமையாக்கிவிடும் என்பதை மறத்தலாகாது.

பிறர்க்கு உரைத்தலாகிய அரைப்பங்கிற்குச் சொற்களஞ்சியம் ஏற்ற கருவியாகும். பாவு, ஊடை, நாடா, கோர்வை, குழித்தறி என நெசவாளர் வழங்கும் சொற்களை மாணாக்கரே தொகுத்து, பொருள் எழுதி, ஒலிப்பதிவும் படமும் சேர்த்து வகுப்புத் தளத்தில் ஏற்றலாம். தறியோசை கேட்டு வளர்ந்த பிள்ளை இலக்கண வகுப்பில் வாய் திறவாதிருக்கலாம். இப்பணியிலோ அவனே ஆசானாவான். அவன் தந்தையும் பாட்டியும் சொற்பொருள் கூறும் புலவராவர். தறிவிட்டுப் பிற தொழில் நாடுவோர் பெருகிய இந்நாளில், இச்சொற்கள் ஏறாதொழியின் அவை நாவிலிருந்தும் மறைந்துவிடும்.

இனி, தளம் அமைப்பார் கருதவேண்டிய தடைகளும் உள. ஒரு கைப்பேசியை உடன்பிறந்தார் மூவர் பகிர்ந்துகொள்ளும் வீடுகள் பல. ஆதலின், குறித்த நேரத்தில் அனைவரும் கூடவேண்டும் என்னும் நேரலையினும், இயன்றபோது திறந்து கற்கும் பாடமே அவர்க்கு உதவும். நெடிய காணொளியினும் ஒருங்குறியில் அமைந்த எழுத்துப் பாடமும் சிறிய ஒலிக்கோப்பும் விரைந்து இறங்கும், செலவும் குறையும். மாணாக்கர் எழுதுவன வகுப்பார்க்கன்றிப் பிறர்க்குப் புலப்படாவாறு கடவுச்சொல்லாற் காத்தலும் இன்றியமையாதது. பிழைக்க அஞ்சாத இடத்திலன்றோ கல்வி வளரும்!

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாகக் கோர்வை முறையில் நெய்யப்படும்போது, உடலுக்கு ஒரு நாடாவும் கரைகளுக்குத் தனி நாடாக்களும் ஓடும். அவற்றை ஓட்டுதற்கு நெய்வாரொடு துணையாளும் வேண்டும். இருவர் கையும் இழைக்கு இழை ஒத்தியங்கினாலன்றிக் கரை உடலொடு பிணையாது. வகுப்பு இணையதளமும் அத்தகையதே. ஆசிரியர் மட்டும் நாடா ஓட்டுவாராயின் அது பாடங்களின் கிடங்காக முடியும். மாணாக்கர் கையும் சேருமாயின் அதுவே கடிகையாகும்.